"மறுபடி போகணுமா டீச்சர்?"



கொஞ்சம் நீண்ட பதிவு. பாதி படித்துவிட்டு லைக் போட்டுப் போய்விடாதீர்கள். வீட்டில் பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளை இருப்பவர்கள் கண்டிப்பாகக் கடைசிவரை படியுங்கள். தற்கொலை முயற்சியைப் பற்றியும் அதிலிருந்து மீண்ட பிள்ளைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இப்போது மனம் கனத்திருப்பவர்கள் முதலில் கடைசியில் உள்ள போன் எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பேச்சே வரவில்லை. "டீச்சர், பையன் நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தான். அவசர வார்டு. காப்பாத்திட்டாங்க. இப்ப வீட்டுக்கு வந்துட்டான். நல்லா சாப்பிடுறான், டிவி பாக்குறான். அடுத்த வாரம் மனநல டாக்டர்கிட்ட ரிவ்யூக்கு வரச் சொல்லி எழுதியிருக்காங்க. அவன் வரமாட்டேங்கிறான். வீட்லயும் வேண்டாம்ங்கிறாங்க. மறுபடி போகணுமா டீச்சர்?"

இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்பது இது இரண்டாம் முறை. முதல் முறை கேட்டது 1991-இல். அன்று நான் சொன்ன பதில் தவறு. அந்தத் தவறைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, அந்தக் கேள்விக்கு உலகம் பதில் கண்டுபிடித்த வரலாற்றையும் சொல்கிறேன். பாடம் நடத்திப் பழகிய வாய், சும்மா இருக்காது.

*

1991-இல் நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. எங்களிடம் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பெண் அவள். பெயர் வேண்டாம். அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று, இரண்டு பாடத்தில் போய்விட்டது என்று தெரிந்து, உயிரை விடத் துணிந்துவிட்டாள். வாடகைக் கார் பிடித்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ஏழாம் நாள் அவள் அம்மா ஒரு சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூலி வேலை செய்பவர், எழுதப் படிக்கத் தெரியாது. "டீச்சரம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை மனநோய்ப் பிரிவு ஓ.பி.-க்கு வரவேண்டும் என்று எழுதியிருந்தது.

படித்துச் சொன்னேன். அவர் கேட்டார்: "மறுபடி போகணுமா டீச்சரம்மா?"

நான் சொன்னேன்: "எதுக்கும்மா? பொண்ணு நல்லாத்தானே இருக்கா. அங்கெல்லாம் கூட்டிட்டுப் போனா ஊர்ல ஒரு பேச்சு வரும். நாளைக்கு அவளைக் கட்டிக் குடுக்கணும். வீட்ல வெச்சு நல்லா பாத்துக்கோ. திட்டாதே. போதும்."

அவருக்கு அப்பாடா என்று இருந்தது. எனக்கும்தான். நல்ல புத்தி சொன்னதாகவே நினைத்துக்கொண்டேன். அந்தச் சீட்டை அவர் மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அதற்குப் பிறகு அது எங்கே போனதோ.

*

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? பிற்காலத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு இரண்டு பயம் இருந்தது. இரண்டுக்கும் வரலாறு உண்டு.

முதல் பயம், ஒரு ஊரின் பெயர். "கீழ்ப்பாக்கம்." சென்னைக்கு ஒருமுறைகூடப் போகாதவர்களும் எங்கள் ஊரில் இந்தப் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794-இலேயே தொடங்கிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி காலம். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற இடத்துக்கு மாறியது. அந்தக் காலத்துக் காப்பகம் என்பது பெரும்பாலும் அடைத்து வைக்கும் இடம். உள்ளே போனவர் திரும்பி வருவது அரிது என்ற எண்ணம் ஜனங்கள் மனதில் அப்போது விழுந்ததுதான். பிறகு நிலைமை மாறியது. 1960-களிலும் 70-களிலும் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன் போன்றவர்கள், நோயாளி வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவர் வாழ்க்கை என்ன ஆகிறது என்று கவலைப்பட்டார்கள். அவரே 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். மருத்துவம் அவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது. கிண்டல் மட்டும் அதே இடத்தில் நின்றது. படித்த ஆசிரியை நானும் அந்தக் கிண்டல் பக்கம்தான் நின்றேன்.

இரண்டாவது பயம், போலீஸ். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் வந்தது. அதன் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயல்வதே குற்றம், ஓராண்டு வரை சிறை என்று சொன்னது. அதனால் இப்படி ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் முதலில் ஏ.ஆர். போடுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும். "தெரியாம நடந்துபோச்சு சார்" என்று வீட்டார் மன்றாடுவார்கள். உடம்பு தேறியதும் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பினால் போதும் என்றிருக்கும். அந்த இடத்துக்கு மறுபடி எவர் போவார்?

இந்தச் சட்டத்தின் கதை நீண்டது. 1994-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லாது என்றது. 1996-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றி, செல்லும் என்றது. பிறகு 2017-இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2018-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அதோடு நிற்கவில்லை. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

அதாவது, எந்தச் சட்டம் பிள்ளைகளை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து விரட்டியதோ, அதே இடத்தில் இன்று "வா, சிகிச்சை எடுத்துக்கொள்" என்று சொல்லும் சட்டம் இருக்கிறது. இது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

*

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன்.

எட்டு மாதம் கழித்து மறுபடியும் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்குத் தகவல் வந்தபோது கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. இந்த முறையும் பிழைத்தாள். இந்த முறையும் சீட்டு கொடுத்தார்கள். ஆனால் இந்த முறை அவள் அம்மா என்னிடம் வரவில்லை. எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் போனார்.

அந்த நர்சம்மா அதிகம் படித்தவரில்லை. புதன்கிழமை தடுப்பூசி போட வருவார், கர்ப்பிணிகள் வீடு வீடாகப் போவார், அவ்வளவுதான். சீட்டைப் பார்த்துவிட்டு, "செவ்வாக்கிழமைதானே, நானும் டவுனுக்குப் போற வேலை இருக்கு, சேந்து போலாம்" என்றாராம். அவருக்கு டவுனில் ஒரு வேலையும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்று செவ்வாய்க்கிழமை கூடவே போனார். நான்காவது முறையிலிருந்து அம்மாவும் பெண்ணும் தாங்களாகப் போனார்கள். நர்சம்மா மட்டும் புதன்கிழமைதோறும் அந்த வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று, "என்னடி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒன்றரை வருடம் இப்படி நடந்தது.

அவள் தேர்வையும் மறுபடி எழுதினாள், தேறினாள். தையல் படித்தாள். இன்று ஒரு சிறிய தையல் கடை வைத்திருக்கிறாள், பேத்தியும் பிறந்தாயிற்று.

சில வருடங்களுக்கு முன் அவளைப் பார்த்தபோது துணிந்து கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டாக்டர் என்ன கேட்டாரு, என்ன மாத்திரை குடுத்தாருன்னு அவ்வளவா ஞாபகம் இல்ல டீச்சர். முதல்ல பயமா இருந்துச்சு, அப்புறம் பேசப் பேச பாரம் கொறைஞ்சுது. நர்சம்மா பஸ்ல பக்கத்துல உக்காந்து கடலை வாங்கிக் குடுத்தது நல்லா ஞாபகம் இருக்கு. ஏன்டி இப்படிப் பண்ணேன்னு ஒரு தடவகூடக் கேக்கல. முதல் தடவ வீட்டுக்கு வந்தப்ப எல்லாரும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்தாங்க. அதுதான் தாங்கல. நீங்களும் அப்படித்தான் இருந்தீங்க டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் முப்பத்தைந்து வருட ஆசிரியப் பணியில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்களில் அதுதான் மறக்க முடியாதது.

*

ஓய்வு பெற்ற பிறகு, அந்த நர்சம்மா செய்தது என்ன என்று தெரிந்துகொள்ளத் தேடித் தேடிப் படித்தேன். பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் செலவழித்துக் கண்டுபிடித்ததும், அவர் ஒரு பொட்டலம் கடலையோடு செய்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோவில், ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். மன அழுத்தத்தாலோ தற்கொலை எண்ணத்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீட்டுக்குப் போனவர்களை ஒரு மாதம் கழித்து அவர் குழுவினர் தொடர்பு கொண்டார்கள். தொடர் சிகிச்சைக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். மொத்தம் சுமார் 3,000 பேர். அவர்களில் 843 பேர் போகவில்லை, அல்லது பாதியில் நிறுத்திவிட்டார்கள். இந்த 843 பேரை வைத்துத்தான் 1969-இல் மோட்டோ தன் ஆய்வைத் தொடங்கினார். வரமாட்டேன் என்று சொன்னவர்களுக்கு என்ன செய்ய முடியும்?

அவர் செய்தது இதுதான். பாதிப் பேருக்குக் கடிதம் போட்டார். ஆஸ்பத்திரியில் அவர்களோடு பேசிய அதே ஆள் கையெழுத்திட்ட சின்னக் கடிதம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டோம், எழுத விரும்பினால் எழுதுங்கள், எங்களுக்கு மகிழ்ச்சி என்ற அளவில்தான் இருக்கும். ஏன் வரவில்லை என்ற கேள்வி கிடையாது, அறிவுரை கிடையாது. முதல் நான்கு மாதம் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஐந்து வருடத்தில் மொத்தம் 24 கடிதம். யாராவது பதில் எழுதினால், அதற்கேற்ப அடுத்த கடிதம் இருக்கும்.

முடிவு என்ன? கடிதம் பெற்றவர்களில் தற்கொலை குறைவாக இருந்தது. முதல் இரண்டு வருடத்தில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. முழு முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. மோட்டோ இளைஞராக இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தபோது அவருக்கு ஒரு பெண் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம். அந்தக் கடிதங்கள் தனக்குத் தந்த தெம்பை அவர் மறக்கவில்லை. அதிலிருந்து பிறந்த யோசனை இது.

1991-இல் நம் ஊரில் அஞ்சலட்டை பதினைந்து பைசா. நான் ஒரு அட்டைகூட அந்தப் பெண்ணுக்கு எழுதவில்லை.

மோட்டோவின் வழியில் பிறகு பலர் நடந்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில், விஷம் உண்டு பிழைத்த 772 பேரை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியினருக்கு ஒரு வருடத்தில் எட்டு அஞ்சலட்டை அனுப்பிப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது. மறுபடி முயன்ற ஆட்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் மறுபடி மறுபடி நடந்த முயற்சிகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஈரானின் தெஹ்ரானில் 2,300 பேரிடம் இதே போன்ற ஆய்வு நடந்தது. அங்கே அட்டைகளில் ஒன்று பிறந்தநாளுக்குப் போகும். அங்கே தற்கொலை எண்ணமும் முயற்சியும் இரண்டுமே குறைந்தன.

இனி நமக்குப் பெருமையான செய்தி. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. பிரேசிலில் காம்பினாஸ், சீனாவில் யுன்செங், ஈரானில் கராஜ், இலங்கையில் கொழும்பு, இந்தியாவில் நம் சென்னை. சென்னையில் இதை முன்னின்று நடத்தியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார், 1986-இல் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர்.

இந்த ஐந்து ஊர்களில் எட்டு ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அந்தந்த ஆஸ்பத்திரியின் வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு குழுவுக்கு, அனுப்புவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் என்று ஆரம்பத்தில் அடிக்கடி, போகப் போக இடைவெளி விட்டு. 18 மாத முடிவில், வழக்கமான சிகிச்சைக் குழுவில் தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர். விசாரிக்கப்பட்ட குழுவில் 2 பேர்.

பதினெட்டும் இரண்டும். 2008-இல் வெளிவந்த இந்த எண்களை நான் படித்தபோது நர்சம்மாவின் "என்னடி, சாப்பிட்டியா?"தான் காதில் கேட்டது. அவரும் ஒன்றரை வருடம்தான் கேட்டார். அதுவும் 18 மாதம்தான்!

*

இதுவரை சொன்ன ஆய்வுகளில் பெரியவர்கள்தான் அதிகம். வளரும் பிள்ளைகள் விஷயம் வேறு. பெரியவர் தானே முடிவெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பதினைந்து வயதுப் பிள்ளையின் பஸ் காசு அம்மா கையில். ஸ்கூல் லீவு வாத்தியார் கையில். வீட்டில் யாராவது ஒருவர் "வேண்டாம்" என்றால் அதோடு முடிந்தது. அந்த ஒருவராக நானே இருந்திருக்கிறேன்.

இதைப் புரிந்துகொண்டு சில முயற்சிகள் நடந்தன.

நியூயார்க்கில் மேரி ஜேன் ராதரம்-போரஸ் என்பவரும் அவர் குழுவினரும், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 12 முதல் 18 வயதுப் பெண்பிள்ளைகளிடம் பணி செய்தார்கள். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள். மூன்று காரியம் செய்தார்கள். அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பிள்ளைகளை எப்படி நடத்துவது என்று பயிற்சி. தாயும் மகளும் சேர்ந்து பார்க்க ஒரு சின்னத் தொலைக்காட்சி நாடகம். அவர்கள் வீட்டுக் கதை போலவே இருக்கும், சிகிச்சைக்குப் போனால் அங்கே என்ன நடக்கும் என்று அதில் காட்டுவார்கள். மூன்றாவது, அங்கேயே அப்போதே குடும்பத்தோடு பேச ஆலோசகர். 1996-இல் வெளிவந்த முடிவு: இப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் தொடர் சிகிச்சைக்கு அதிகம் வந்தார்கள்.

டிவி சீரியலைத் திட்டும் நான், ஒரு சீரியல் இப்படியும் உதவும் என்று படித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஆண்டனி ஸ்பிரிட்டோ குழுவினர் இன்னொன்று செய்தார்கள். ஆஸ்பத்திரியை விட்டுப் போவதற்கு முன் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் ஒரு மணி நேரம் பேசி, குறைந்தது நான்கு முறையாவது வருவோம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பிறகு எட்டு வாரத்தில் நான்கு முறை போன். 2002-இல் வந்த முடிவு நமக்கும் பாடம். வெறும் பேச்சு மட்டும் போதவில்லை. காத்திருப்புப் பட்டியல், காப்பீட்டுச் சிக்கல் போன்ற தடைகள் பல பிள்ளைகளைத் தடுத்துவிட்டன. அந்தத் தடைகளையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோதுதான், பேசி அனுப்பிய பிள்ளைகள் அதிக முறை வந்தது தெரிந்தது. நம் ஊரில் அந்தத் தடைக்குப் பெயர் இரண்டு பஸ், ஒரு நாள் கூலி.

லாஸ் ஏஞ்சலிஸில் ஜோன் அசர்னோ குழுவினர் 10 முதல் 18 வயது வரையிலான 181 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2011-இல் வந்தது. அவசரப் பிரிவிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து, மறுபடி அந்த எண்ணம் வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று திட்டம் போட்டார்கள். வீட்டுக்குப் போன 48 மணி நேரத்துக்குள் முதல் போன். இப்படி அனுப்பப்பட்டவர்களில் 92 சதவீதம் பேர் தொடர் சிகிச்சைக்குப் போனார்கள். வழக்கம்போல அனுப்பப்பட்டவர்களில் 76 சதவீதம். ஆனால் அந்த ஆய்விலேயே இன்னொன்றும் தெரிந்தது. வாசல்வரை கொண்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது, உள்ளே கிடைக்கும் சிகிச்சையும் நன்றாக இருக்க வேண்டும். பள்ளியில் சேர்த்தால் மட்டும் பிள்ளை படித்துவிடுமா? அதுபோலத்தான். ஆனால் சேர்க்காமல் எப்படிப் படிக்கும்?

*

இத்தனை ஊர்களைச் சுற்றிவந்து நான் கற்றது ஒன்றுதான். அவசரப் பிரிவில் உயிர் பிழைத்த பிள்ளை பாதி வழிதான் வந்திருக்கிறது. மீதி வழிக்குக் கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும் ஆளாக இருக்க வேண்டும்.

எனவே, பெற்றோராகவும் மாமா அத்தையாகவும் ஆசிரியராகவும் இருக்கும் என் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

ரிவ்யூ தேதியை நாட்காட்டியில் எழுதுங்கள். யார் கூடப் போவது, எந்த பஸ், யார் லீவு போடுவது என்று முதல் நாளே பேசி முடியுங்கள். "பாக்கலாம்" என்று விட்டால் அந்தத் தேதி போய்விடும். ஒரு தேதி தவறினாலும் கதை முடியவில்லை. அடுத்த தேதிக்குப் போங்கள்.

பிள்ளை வரமாட்டேன் என்றால் அடம் என்று நினைக்காதீர்கள். பைத்தியம் என்பார்களோ, எல்லார் முன்னாலும் கேட்பார்களோ, அம்மாவிடம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். என்ன பயம் என்று கேளுங்கள். டாக்டரிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடச் சொல்லுங்கள். ஒரு தடவை வந்து பார், பிடிக்கவில்லை என்றால் வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

"இனிமே இப்படிச் செய்யமாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணு" என்று கேட்காதீர்கள். அது உங்கள் பயத்துக்கு மருந்து, பிள்ளையின் வலிக்கு இல்லை. "மறுபடி அந்த எண்ணம் வருதாப்பா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கேட்டால்தான் சொல்ல வழி கிடைக்கும். ஆபத்தான பொருட்களை வீட்டில் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

நன்றாகச் சாப்பிடுகிறான், சிரிக்கிறாள், அதனால் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். என் மாணவியும் அந்த எட்டு மாதத்தில் சிரித்தாள், சாப்பிட்டாள்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு: அப்படி ஒரு பிள்ளை அரை நாள் அனுமதி கேட்டால், காரணத்தை வகுப்பு முன்னால் கேட்காதீர்கள். திரும்பி வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அது போதும்.

கீழ்ப்பாக்கம் வரை போகவும் தேவையில்லை. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதல் மாவட்டமாக வந்தது திருச்சி. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416 என்ற 'டெலி மானஸ்' எண் 2022 முதல் இருக்கிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. இந்த இரண்டு எண்ணையும் இப்போதே போனில் சேமித்து வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் 108.

*

அன்று இரவு போன் செய்த மாணவரிடம் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா?

"போகணும்ப்பா. கண்டிப்பா போகணும்" என்றேன். பிறகு பையனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "நான் உங்கப்பாவோட டீச்சர். உங்கப்பா ஆறாம் வகுப்புல வாய்ப்பாடு தெரியாம அழுத கதை தெரியுமா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எந்த வாய்ப்பாடு?" என்று கேட்டான். பதினான்காம் வாய்ப்பாடு என்றேன். மெதுவாகச் சிரித்தான். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து எனக்கு போன் பண்றியா? மீதிக் கதை சொல்றேன்" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. போய்விட்டு வந்திருந்தான். அதற்கடுத்த ரிவ்யூவுக்கும் போனான். இப்போது ஞாயிறுதோறும் நான் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறேன். "சாப்பிட்டியா?" அவ்வளவுதான். சில வாரம் பதில் வரும், சில வாரம் வராது. பதில் வராத வாரமும் அடுத்த ஞாயிறு அனுப்புகிறேன். நாட்காட்டியில் 18 மாதத்துக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த நர்சம்மா இன்று இல்லை. அவருக்கு நன்றி சொல்லும் துணிவு எனக்கு அன்று வரவில்லை. என் மாணவி தன் தையல் கடைச் சுவரில் அவர் படத்தை மாட்டி வைத்திருக்கிறாள். போன வாரம் போயிருந்தபோது அந்தப் படத்துக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "மறுபடி போகணுமா?" என்று கேட்டால், நான் 1991-இல் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள். "போகணும். நானும் வரேன்" என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்